ரோசலின் டீச்சர் கல்லறையில் ஒரு ஹைட்ராக்சில்

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
அக்டோபர் 30

அன்பு மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜுக்கு உன் மச்சான் அந்தோணிமுத்து எழுதிக்கொள்வது.

நீயும் ரூபியும் பிள்ளைகளும் கோயம்புத்தூரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்தோணியாரிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சௌக்கியம். முழங்காலும் உட்கார்ந்திருந்தால் சௌக்கியம்தான், என்னால்தான் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே சாப்பாட்டு மேசையில் பாதி, அடுப்படி மேடையில் நின்றபடி மீதி என்று எழுதுகிறேன். கையெழுத்து மாறி மாறி இருந்தால் வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாக நினைக்காதே.

எட்டு மாதமாக என்னோடு பேசாமல் இருந்தவன், போன வாரம் நம் குடும்ப வாட்சப் குழுவில் யாரோ போட்ட உன் அக்கா கல்லறைப் படத்துக்குக் கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். வெறும் கேள்விக்குறி. அதற்கு முன்னால் 'மச்சான்' என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன், கோபமா கிண்டலா என்று பிடிபடவில்லை. பதில் எழுத எனக்கு வாட்சப் ஒத்துவராது. அரை வாக்கியம் தட்டுவதற்குள் என் கட்டைவிரல் யாருக்கோ பூங்கொத்துப் படத்தை அனுப்பிவிடுகிறது. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் கூரியரில் போட்டால் மறுநாள் உன் கையில் இருக்கும் என்றார்கள். ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் இப்போது சரியாகிவிட்டது. நீ வந்து பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வரமாட்டேன் என்று நீயும் ரூபி மூலம் முன்பே சொல்லியனுப்பிவிட்டாய், வா என்று நானும் கூப்பிடவில்லை. அந்த விஷயத்தில் நம் இருவருக்கும் மனஸ்தாபம் இல்லை.

பழையதை நீ மறந்திருந்தால் நல்லது, ஆனால் உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியும். ஜனவரியில் உன் அக்கா ரோசலின் போனாள். பிப்ரவரியில் முப்பதாம் நாள் பூசை முடிந்து, பந்தியில் கறிச்சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது கல்லில் என்ன பொறிப்பது என்று பேச்சு வந்தது. நீ திருப்பாடலில் இருந்து ஒரு வசனம் என்றாய். நான், வசனம் எல்லாம் வேண்டாம், அவள் கல்லில் ஹைட்ராக்சில் படம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தாள், அதுதான் அவளுடைய கடைசி ஆசை என்றேன். பந்தி முழுக்க நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நீ மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா அப்பிடிச் சொல்லியிருந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன் மச்சான். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா போயிருப்பா?" என்று கேட்டுவிட்டு, கறியைத் தொடாமல் எழுந்து கைகழுவிக் காரில் ஏறினாய். ரூபியும் பின்னாலேயே ஓடினாள், பாவம், அவள் பாதிச் சாப்பாட்டில் இருந்தாள். உன் அக்கா சொன்னாள் மாப்பிள்ளை. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். உன்னிடம் சொல்ல மறந்திருப்பாள்.

ஹைட்ராக்சில் என்றால் என்ன என்று பேங்கில் வேலை பார்க்கிற உனக்குத் தெரிய நியாயமில்லை. பத்தாம் வகுப்போடு நின்று டிக்கெட் கிழிக்கப் போன எனக்கும் தெரிய நியாயமில்லைதான். ஆனால் கல்யாணமான புதிதில் அவளுக்கு வேடசந்தூர்ப் பள்ளியில் வேலை, எனக்குக் குஜிலியம்பாறை வண்டியில் கண்டக்டர் வேலை. மில்லுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில், என் சீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை என்மேல் ஒத்திகை பார்ப்பாள். "இங்க பாருங்க, ஆக்சிஜன் பெரிய ஆளு, அவனுக்கு ரெண்டு கை. ஹைட்ரஜன் சின்ன ஆளு, அவனுக்கு ஒரே கை. அந்த ஒரு கையை ஆக்சிஜனுக்குக் குடுத்துட்டான். ஆக்சிஜன் இன்னொரு கையால வேற எதையாச்சும் பிடிச்சுக்குவான். இதுதான் ஹைட்ராக்சில்." எனக்கு உடனே புரிந்துவிட்டது. நின்றுகொண்டு வருகிற தாய், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மேல்கம்பி. அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து முப்பது வருடம் வகுப்பில் அந்த உதாரணத்தைத்தான் சொன்னாள், என் பேரைச் சொல்லாமல். சர்க்கரை தண்ணீரில் கரைவதும், மில்லில் நூற்கிற பஞ்சு வேர்வையை உறிஞ்சுவதும், உதட்டில் தடவுகிற கிளிசரின் பிசுபிசுப்பதும் எல்லாம் இந்தத் தாயும் பிள்ளையும் செய்கிற வேலை என்பாள்.

கல்லறையில் படம் போடுவது என்றால் சும்மா இல்லை. கல்லறைக் குழுத் தலைவர் ரொனால்டு இருக்கிறாரே, அவர் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு செடிகூடப் பூக்காது. படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று, பெரிய வட்டத்தில் இருந்து சிலுவைக்குப் போகிற ஒரு கோடு. அவர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா அந்தோணி, பெருசு பிதா, சிறுசு சுதன், சரி. பரிசுத்த ஆவி எங்கப்பா?" என்றார். அவசரத்தில் நான், "அந்தக் கோடுதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்தது. தீர்மானப் புத்தகத்தில் 'கோடு: பரிசுத்த ஆவி' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். "ரோசலினா இதைக் கேட்டுச்சு?" என்றார். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா" என்றேன். பூண்டு உரிக்கும்போது ஒரு முறை, ஆஸ்பத்திரியில் ஒரு முறை. ஒருத்தி ஒரு விஷயத்தை ரெண்டு முறை சொல்லக் கூடாதா?

கல் அடித்தது வேடசந்தூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற சோலைமுத்து. நல்ல கைக்காரன், ஆனால் கல்லோடு பேசிப் பேசி மனிதர் பேச்சு காதில் விழாது. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து நானே வரைந்து, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை என்று நிறமும் எழுதிக் கொடுத்தேன். அக்டோபர் பத்தாம் தேதி கல்லை நட்டுவிட்டுக் கூப்பிட்டான். கறுப்புக் கிரானைட், மேலே சிலுவை, அடியில் அவள் பேர், பக்கத்தில் என் பேருக்கு விட்ட இடம், நடுவில் குழிவாக வெட்டி வண்ணம் நிரப்பிய படம். நான் சரிபார்த்தேன். பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று, கோடு ஒன்று, மூன்றும் இருந்தன. கண்டக்டர் புத்தி மாப்பிள்ளை, தலையை எண்ணினேன், யார் எங்கே நிற்கிறார் என்று பார்க்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஹாஃபிஸா வந்தாள். உன் அக்காவிடம் படித்தவள், இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து வாட்சப் குழு வைத்திருக்கிறார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர், கல்லறைத் திருநாளுக்கு டீச்சருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறார்கள், இடம் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். கல்லுக்கு முன்னால் நின்றாள். நிற்கிறாள், நிற்கிறாள், கண் துடைக்கிறாள் என்று நான் பக்கத்தில் போனால், அவள் கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணாடியைத் துடைக்கிறாள். "சார், தப்பா நினைச்சுக்காதீக. ஹைட்ரஜன் உள்ள இருக்கு சார். ஆக்சிஜன் வெளிய இருக்கு" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். சிலுவையில் இருந்து வருகிற கோடு சின்ன வட்டத்தில் போய் முட்டுகிறது. பெரிய வட்டம் அதற்கு அந்தப் பக்கம் தொங்குகிறது. அதாவது மேல்கம்பியைப் பிடித்திருப்பது கைப்பிள்ளை, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு தாய் ஊஞ்சலாடுகிறாள். "டீச்சர் எல்லாத் தப்பையும் மன்னிப்பாக சார். இந்த ஒரு தப்புக்கு மட்டும் ஒரு மார்க் வெட்டிருவாக. அரையாண்டுல நான் தொண்ணூத்தொம்பது வாங்கினதே இதனாலதான்" என்றாள் ஹாஃபிஸா. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்காவது இதற்கு ஒரு மார்க் போயிருக்கிறது மாப்பிள்ளை. அந்தப் பாதிப் பேரும் மெழுகுவர்த்தியோடு வந்து அந்தத் தப்பை அவள் தலைமாட்டிலேயே பார்க்கப் போகிறார்கள்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். சோலைமுத்து உளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அண்ணே, நான் நாப்பது வருசமா சிலுவை அடிக்கிறேன். முனையில எப்பவும் பெரிய குமிழ்தான் வரும். சின்னது வந்தா எலி வால் மாதிரி முடிஞ்சு போயிரும். நீங்க தெரியாம மாத்தி வரைஞ்சிட்டீக, நான்தான் சரி பண்ணினேன்" என்றான். சரி பண்ணினானாம். வேறு கல் அடித்துக் கொடு என்றேன். பட்டறையைச் சுற்றிக் காட்டினான். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மாவட்டத்தில் உள்ள பாதிக் கல்லறைக்கான கல்லும் அங்கேதான் சாய்ந்து கிடக்கிறது. "கிறிஸ்துமசுக்கு அப்பறம் வாங்கண்ணே" என்றான். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்களே.

இனி இவனை நம்பிப் பயனில்லை என்று நானே இறங்கினேன். வண்ணத்தை மாற்றினால் ஆளும் மாறிவிடும் இல்லையா? எனாமல் டப்பா ரெண்டு வாங்கி, உள்ளே இருந்த சின்ன வட்டத்துக்குச் சிவப்பு, வெளியே இருந்த பெரிய வட்டத்துக்கு வெள்ளை அடித்தேன். முழங்கால் போட்டு அடித்தேன், அந்த முழங்கால்தான் இது. படம் எடுத்து ஹாஃபிஸாவுக்கு அனுப்பினேன், எப்படியோ சரியாகப் போய்ச் சேர்ந்தது. "சார், இப்ப ஆக்சிஜனைவிட ஹைட்ரஜன் பெருசா இருக்கு. ஹைட்ரஜன்தான் சின்னதா இருக்கணும்" என்று பதில் வந்தது. தாயைவிடப் பிள்ளை பெரியதாக இருக்கிறது, அவ்வளவுதானே, அது நம் வீடுகளில் நடக்காததா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சின்னதைப் பெரிதாக்கிவிடுவோம் என்று அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு பெரிய வளையம் வரைந்து நிரப்பினேன். இப்போது ரெண்டும் ஒரே அளவு, நடுவில் நானே கூடுதலாக வரைந்த ஒரு தண்டு. எட்ட நின்று பார்த்தேன். தூக்கிப் பயிற்சி செய்கிற டம்பெல். அன்று மாலையே பூ வைக்க வந்த ஒரு அம்மாள் என்னிடம், "டீச்சர் ஜிம்முக்கெல்லாம் போவாகளா? பார்த்தா தெரியலையே" என்று விசாரித்தார். நம் குடும்பக் குழுவில் வந்த படம் அந்த நிலையில் எடுத்தது. உன் கேள்விக்குறி விழுந்தது அதன்மேல்தான். நியாயமான கேள்விக்குறி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் தேவலை. நாலு நாள் கழித்துக் கல்லறைக்குப் போனால், மூன்று கல்லறை தள்ளிப் புதிதாக ஒரு சிலுவை நிற்கிறது, நாலு முனையிலும் நாலு ஹைட்ராக்சில். எல்லாம் தப்பு ஹைட்ராக்சில். காய்கறிக் கமிஷன் மண்டி தங்கமுத்து தன் அப்பாவுக்கு எழுப்பியது. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா கல்லைப் பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப் போச்சு அண்ணாச்சி. சோலைமுத்துக்கிட்ட முன்னாடியே ஆர்டர் குடுத்திருந்த சிலுவையில 'டீச்சர் மாடல்' போடச் சொன்னேன், அடிச்சுத் தந்துட்டான். இன்னும் ரெண்டு பேர் ஆர்டர் குடுத்திருக்காக" என்றார். உயிரோடு இருந்தபோது அவள் முப்பது வருடம் துடைத்து அழித்த தப்பு, அவள் போன பிறகு அவள் பேரிலேயே ஒவ்வொரு கல்லறையாக ஏறிக்கொண்டிருக்கிறது. கூட வந்திருந்த ஹாஃபிஸா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆசிரியர்களால் அது முடியாது. "ஒரே இடத்துல நாலு ஹைட்ராக்சில் மாட்டினா அது நிக்காது சார், ஒடஞ்சிரும்" என்றாள். அவள் வேதியியலைச் சொன்னாள். தங்கமுத்து முகம் வெளுத்து, அன்றைக்கே கொத்தனாரை வரவழைத்து அவர் அப்பா சிலுவைக்கு அடியில் ரெண்டு சட்டி சிமெண்டு கூடுதலாகப் போட்டுவிட்டார். இனி அது ஆயிரம் வருடத்துக்கு அசையாது.

நேற்றுக் காலை நானும் ஹாஃபிஸாவும் சோலைமுத்துவும் கல்லுக்கு முன்னால் நின்றோம். தின்னர் ஊற்றித் துடைத்து என் எனாமல் கைவண்ணம் முழுவதையும் நீக்கியாகிவிட்டது. பழைய தப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை அடைத்துவிட்டு வெறும் கல்லாக விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவள் வீட்டில் இல்லாததே பெரிய வெறுமை, கல்லிலும் வெறுமையா? பதினைந்து நாளாக என்னிடம் ஏச்சு வாங்கிய சோலைமுத்து அலுத்துப்போய், "முனையில பெருசு இருக்கிறதுதானே உங்களுக்கு இடிக்கிது? அதுக்கு அங்கிட்டும் ஒரு சின்னதை வெச்சிருவோம். ரெண்டு பக்கமும் சின்னது, நடுவுல பெருசு. லட்சணமா இருக்கும். எனக்கும் வேலை முடிஞ்சிரும்" என்றான். ஏலே, வாயை மூடு என்று சொல்ல நான் திரும்பினேன். ஹாஃபிஸா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றாள். அவன் பயந்துவிட்டான். "சின்னது, பெருசு, சின்னது" என்றான் மெதுவாக. "சார், அது தண்ணி சார்!" என்று கல்லறை என்றும் பாராமல் கத்தினாள் அவள்.

எனக்கு அவள் விளக்கியதை உனக்கும் விளக்குகிறேன், செத்த நேரம் பொறுமையாகப் படி. ஒரு ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் ஹைட்ரஜன், அதுதான் தண்ணீர். தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜனுக்கு இருந்த ஒரே கையும் போயாகிவிட்டது, ஆனால் பக்கத்தில் ஒரு ஹைட்ராக்சில் நின்றால் அதன் ஆக்சிஜன்மேல் போய்ச் சாய்ந்துகொள்ளும். "பிடிக்கிறது இல்லை சார், சாயிறது. பஸ்ல தூங்குறவுக பக்கத்து ஆள் தோள்ல சாயிவாகள்ல, அது மாதிரி. பிடிமானம் கிடையாது. ஆனா லேசுல விட்டும் போகாது. சர்க்கரை தண்ணியில கரையிறதே இந்தச் சாய்மானத்துலதான்" என்றாள். சாய்வதை முழுக்கோடாகப் போடக் கூடாதாம், புள்ளி புள்ளியாகப் போட வேண்டுமாம். ஆகவே அந்தப் பழைய கோட்டை இடையிடையே அடைத்துப் புள்ளிகளாக்குவது, பெரிய வட்டத்துக்கு அந்தப் பக்கம் சற்றே சாய்வாக இன்னொரு சின்ன வட்டம் வெட்டுவது, அது தண்ணீர். இந்தப் பக்கம் சிலுவைக்கு நேர் கீழே, அதைப் பிடித்தபடி, புதிதாக ஒரு பெரிய வட்டம், அதன் தோளில் ஒரு சின்ன வட்டம், அது உண்மையான, மார்க் வெட்ட முடியாத ஹைட்ராக்சில். தண்ணீர் அதன்மேல் சாய்ந்து நிற்கும். ஒரு வட்டத்தையும் அழிக்க வேண்டாம். சோலைமுத்து அங்கேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டான்.

கோட்டை உடைக்கிற சத்தம் கேட்டு ரொனால்டு ஓடிவந்தார். "ஏம்ப்பா, அது பரிசுத்த ஆவி! தீர்மானத்துல இருக்கு! அதையா ஒடைக்கிற?" என்றார். ஹாஃபிஸாதான், "ஒடைக்கல அய்யா, இறங்கி வருது. அதான் துளித்துளியா இருக்கு" என்றாள். ரொனால்டு அந்தப் பக்கம் மூன்று வட்டம் இருப்பதை எண்ணிப் பார்த்து, "இப்பத்தான் மூணும் முழுசா இருக்கு. இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார். தீர்மானப் புத்தகத்தில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டார். இந்தப் பக்கம் இருக்கிற ரெண்டு வட்டம் யார் என்று கேட்டார். "அது டீச்சர்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இன்று மதியம் வேலை முடிந்தது. ஹாஃபிஸா படம் எடுத்து அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள். அரை மணி நேரத்தில் எழுபது பதில், ஒருத்தியும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தி மட்டும் அந்தச் சாய்வு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாமோ என்று கேட்டிருக்கிறாள், அவள் எப்போதுமே அப்படித்தானாம். ஆகவே உன் கேள்விக்குறிக்கு என் பதில் இதுதான். உன் அக்காவின் ஆசை எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டது. நான் நிம்மதியாக இருக்கிறேன். யார் உதவியும் தேவைப்படவில்லை. ரெண்டாம் தேதி நீ லீவு போட்டு அலைய வேண்டாம், பேங்கில் மாத ஆரம்பம் கூட்டமாக இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

ரூபிக்கு என் ஆசீர். பிள்ளைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து நீயே ஒரு சிலுவை போட்டுவிடு. அன்னை மரியாளின் மன்றாட்டு உங்கள் வீட்டு நிலைப்படியிலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ச. அந்தோணிமுத்து
(ஓய்வு பெற்ற கண்டக்டர்)

பின்குறிப்பு: முப்பத்தொன்றாம் தேதி காலை. கூரியர் கடை வாசலில் நிற்கிறேன், கடை இன்னும் திறக்கவில்லை. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உன் அக்கா அப்படி எதையும் கேட்கவில்லை, ஸ்டீபா. பூண்டு உரிக்கும்போதும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் கேட்கவில்லை. கல்லைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அன்றைக்குப் பந்தியில் நீ முதலில் என்ன கேட்டாய் என்பதை நான் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். "அக்காவுக்கு ரொம்பப் பிடிச்ச வசனம் ஒண்ணு இருக்கு, மச்சானுக்குத் தெரியுமே, சொல்லுங்க" என்று கேட்டாய். நீ நல்ல மனதோடுதான் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. முப்பத்துநாலு வருடம் அவள் தினமும் சாயங்காலம் வேதாகமம் வாசித்தாள், பக்கத்து அறையில் நான் டிவியில் செய்தி பார்த்தேன். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வேன்? அவள் சொன்னதில் என் தலையில் தங்கியது அந்த ஒரு பாடம்தான், அதனால் வாயில் அது வந்துவிட்டது. பிறகு அதை விடவும் முடியவில்லை. கல்லில் அவள் பேருக்குக் கீழே இன்னும் ஒரு சாண் இடம் இருக்கிறது. ரெண்டாம் தேதி விடிந்ததும் சோலைமுத்து உளியோடு வந்து நிற்பான், சொல்லிவிட்டேன். வசனத்தை எனக்கு வாட்சப்பில் அனுப்பாதே, என் வழியாக வந்தால் என்ன ஆகும் என்று மேலே படித்திருப்பாய். நீயே வந்து சொல். அவன் வெட்டி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.